வட்டம் கெடாமல் வலுப்படுத்துங்கள்

கோவையிலும் சென்னையிலும் மற்ற ஊர்களிலும் பந்தயத்துக்கு என்ஜின் கட்டுகிற மெக்கானிக்குகளுக்கும், போரிங் பட்டறைக்காரர்களுக்கும், அவர்களை நம்பித் தங்கள் பிளாக்கை ஒப்படைக்கிற கார் பிரியர்களுக்கும் ஒரு திறந்த மடல்



டர்போ போட வேண்டும், பவர் ஏற்ற வேண்டும் என்று யாராவது ஒரு ஹோண்டா என்ஜினைக் கொண்டுவந்தால், பேச்சு முதலில் போய் நிற்பது பிளாக்கின் மேல்தளத்தில்தான். ‘இது ஓப்பன் டெக், தாங்காது. ஒரு பிளாக் கார்டு அடித்துவிடலாம்’ என்கிறார் ஒருவர். ‘ஸ்லீவ் போடாமல் தொடவே கூடாது’ என்கிறார் இன்னொருவர். இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே நம்பிக்கை: திறந்திருந்தால் பலவீனம், மூடினால் பலம். இந்த நம்பிக்கை பாதிதான் சரி. மீதிப் பாதியை நம்பிச் செய்யும் வேலை, கெடாத பிளாக்கையும் கெடுத்துவிடுகிறது. பிளாக்கில் எவ்வளவு உலோகம் சேர்த்தோம் என்பது வலுவுக்கு அளவு ஆகாது. ஹெட் இறுகி, என்ஜின் சூடேறி, முழுச் சுமையும் விழும்போது சிலிண்டர் வட்டமாக நிற்கிறதா என்பதே அளவு. நீங்கள் செய்கிற, செய்யச் சொல்கிற ஒவ்வொரு வலுவூட்டலையும் இந்த ஒரே உரைகல்லில் உரசிப் பாருங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

ஹெட்டைக் கழற்றிவிட்டு ஹோண்டாவின் ஒரு பி18சி பிளாக்கை மேலிருந்து பாருங்கள். நான்கு சிலிண்டர்களும் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே வரிசையாக நிற்கின்றன. அவற்றைச் சுற்றிக் கூலன்ட் ஓடும் பள்ளம். பள்ளத்துக்கு அப்பால் வெளிச்சுவர். ஹெட் போல்ட்டுகள் இறங்குவது அந்தச் சுவரில். சிலிண்டர்கள் அடியில் பிளாக்கோடு பிணைந்திருக்கின்றன; மேலே வெளிச்சுவரைத் தொடவே இல்லை. இதுதான் ஓப்பன் டெக். அண்டாவின் அடியில் பற்றவைத்த நான்கு டம்ளர்களை நினைத்துக்கொள்ளுங்கள்: அடி அசையாது, வாய் அசையும். போர், அதாவது சிலிண்டர் துளையின் விட்டம், 81 மி.மீ.; ஒரு சிலிண்டரின் மையத்திலிருந்து அடுத்ததன் மையம் 90 மி.மீ.; ஆக இரண்டு துளைகளுக்கும் நடுவே மிஞ்சுவது 9 மி.மீ. மட்டும். அந்த 9 மி.மீ. வழியாகக் கிராங்கின் நீளவாட்டில் சிலிண்டர்கள் ஒன்றையொன்று தாங்கிக்கொள்கின்றன. குறுக்குவாட்டில் தாங்க எதுவும் இல்லை. கனெக்டிங் ராடு சாயும்போது பிஸ்டன் சுவரை அழுத்துவதோ அந்தக் குறுக்குவாட்டில்தான். 2000களின் தொடக்கத்தில் நம் ஊரில் விற்ற, இன்றும் மாடிஃபை செய்பவர்கள் தேடி வாங்குகிற 106 குதிரைத்திறன் ஹோண்டா சிட்டி 1.5 வீடெக்கின் பிளாக்கும் ஓப்பன் டெக் ரகம்தான்.

எவ்வளவு அழுத்தம் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 81 மி.மீ. பிஸ்டனின் பரப்பு ஏறக்குறைய 51.5 சதுர செ.மீ. டர்போ என்ஜினில் எரியும் வாயுவின் உச்ச அழுத்தம் 100 பார் என்று வைத்தால், பிஸ்டன் தலையில் இறங்கும் விசை 5 டன்னுக்கும் மேல். நன்றாக டியூன் செய்த என்ஜினில் இந்த உச்சம் வருவது பிஸ்டன் மேல் முனையைத் தாண்டிக் கிராங்க் சுமார் 14 டிகிரி திரும்பியபோது. பி18சியின் ஸ்ட்ரோக் 87.2 மி.மீ., ராடு நீளம் சுமார் 138 மி.மீ. அந்தக் கணத்தில் பிஸ்டன் இறங்கியிருப்பது 2 மி.மீ.கூட இல்லை, ராடு சாய்ந்திருப்பது நாலரை டிகிரிக்குள். அந்தச் சிறு சாய்வே வாயு விசையில் 8 சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவான பங்கைப் பக்கவாட்டில் திருப்பிவிடுகிறது. அதாவது சுமார் 400 கிலோ. அழுத்தம் 150 பாருக்குப் போனால் அது 600 கிலோ. 7,000 ஆர்.பி.எம்.மில் ஒவ்வொரு சிலிண்டரும் இந்த அடியை நொடிக்கு 58 முறை வாங்குகிறது, அதுவும் தாங்கல் இல்லாத மேல் பகுதியில், தாங்கல் இல்லாத திசையில். ஆகவே ஓப்பன் டெக்கைப் பற்றிய கவலை கற்பனை அல்ல. வலுவூட்டல் தேவைப்படும் கட்டம் ஒன்று நிச்சயம் வருகிறது.

ஆனால் அந்த அடியால் கெடுவது என்ன என்பதைக் கூர்ந்து பார்க்க வேண்டும். சுவர் பிளந்து என்ஜின் சிதறுவது கடைசிக் கட்டம். அதற்கு நெடுநாள் முன்பே சிலிண்டரின் வாய் நூலிழை அளவில் ஆடத் தொடங்குகிறது. அந்த வாயின் மேல்தான் ஹெட் கேஸ்கெட்டின் நெருப்பு வளையம் உட்கார்ந்திருக்கிறது. வாய் ஆடினால் வளையம் உரசுகிறது. இப்படிப் போன கேஸ்கெட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், வளையத்தின் குறுக்குப் பக்கத்தில் மட்டும் பளபளவென்று தேய்ந்த தடம் தெரியும். நீளவாட்டுப் பக்கம் மங்கலாகவே இருக்கும். இன்னொரு புறம், வாய் நீள்வட்டமானால் பிஸ்டன் ரிங் சுவரை முழுதாகத் தொடாது. வாயு கீழே கசியும், ஆயில் மேலே ஏறும், எரிந்த ஆயில் நாக்கிங்கை வரவழைக்கும், நாக்கிங் அழுத்தத்தை இன்னும் எகிறச் செய்யும். சர்வீஸ் கையேட்டில் போரின் மேலளவுக்கும் கீழளவுக்கும் ஹோண்டா அனுமதிக்கும் வித்தியாசமே 0.05 மி.மீ. இவ்வளவு சிறிய இடைவெளிக்குள் வாழ்கிற ஒரு பாகத்தைச் சுத்தியலும் வெல்டிங்கும் கொண்டு ‘பலப்படுத்தும்’போது, நாம் எதைக் காப்பாற்றப் புறப்பட்டோமோ அதையே முதலில் உடைத்துவிட வாய்ப்புண்டு.

ஓப்பன் டெக்கை ஒரு குறையாக மட்டும் பார்ப்பதும் தவறு. உருகிய அலுமினியத்தை உயர் அழுத்தத்தில் எஃகு அச்சுக்குள் செலுத்தி வார்க்கும்போது, வாட்டர் ஜாக்கெட்டுக்கு மணல் கரு வைக்க முடியாது. அந்த அழுத்தத்தில் மணல் நிற்காது. எஃகுக் கருவை மேல் வழியாக உருவியெடுத்தாக வேண்டும். அதனால் மேல்தளம் திறந்தே இருக்கிறது. வேகமாக, மலிவாக வார்க்க முடிவதுதான் இதன் முதல் காரணம். ஆனால் அதோடு இரண்டு நல்ல பலன்களும் கிடைக்கின்றன. அதிக வெப்பம் வாங்கும் மேல் பகுதியைக் கூலன்ட் சுற்றிலும் தொடுகிறது. ஹெட் போல்ட் வெளிச்சுவரை இழுக்கும்போது, அந்த இழுப்பு சிலிண்டருக்கு நேரடியாகக் கடத்தப்படுவதில்லை. போர் வட்டமாக நிற்க இது உதவுகிறது. பி.எம்.டபிள்யூ. 2006இல் கொண்டுவந்த என்54, 2009இல் கொண்டுவந்த என்55 இரண்டும் டர்போ என்ஜின்கள், இரண்டும் ஓப்பன் டெக், இரண்டும் கம்பெனியிலிருந்தே 300 குதிரைத்திறனைத் தாண்டி வந்தவை. திறந்த டெக்கில் டர்போவே கூடாது என்ற பேச்சுக்கு இவையே பதில். மூடுகிற எந்த முறையும் மேலே சொன்ன இரண்டு பலன்களில் ஒன்றையாவது விலையாகக் கேட்கும். அந்த விலையைக் கணக்கில் எடுக்காத வலுவூட்டல் அரைவேலை.

இந்தக் கண்ணோட்டத்தில் பிளாக் கார்டை எடுத்துக்கொள்வோம். வாட்டர் ஜாக்கெட்டின் வடிவில் வெட்டிய தகடு, கூலன்ட் போக ஓட்டைகள், மேலிருந்து தட்டி இறக்கினால் வேலை முடிந்தது. மலிவு, விரைவு, அதனால்தான் இதற்கு இவ்வளவு கிராக்கி. தகடு தளர்வாக உட்கார்ந்தால் எதையும் தாங்காது. நாளடைவில் இடம் நகரும். இறுக்கமாக உட்கார்ந்தால், தொடுகிற புள்ளிகளில் சிலிண்டரை உள்நோக்கித் தள்ளும். டெக்கிலிருந்து 10 மி.மீ. கீழே, குறுக்குவாட்டில் போர் கேஜை வைத்து முள்ளைப் பூஜ்யத்தில் நிறுத்திவிட்டுத் தகட்டைத் தட்டுங்கள்; இறுக்கமான தகடானால் முள் நகர்வதைக் கண்ணால் காணலாம். அது நகரும் ஒவ்வொரு கோடும் ரிங்குக்கும் சுவருக்கும் நடுவே திறக்கும் வழி. இந்த நகர்வை அளக்காமல், அதற்குப் பின் ஹோனிங் செய்யாமல், ஏற்கெனவே ஹோன் செய்து முடித்த பிளாக்கில் கார்டை அடித்து அப்படியே ஹெட்டை மூட்டிவிடுவதுதான் நான் எதிர்க்கும் வழக்கம். கூடவே, வெப்பம் மிக அதிகமாக இருக்கும் அதே உயரத்தில் கூலன்ட்டின் பாதையைத் தகடு குறுக்குகிறது. மேல் பகுதி சூடேறினால் நாக்கிங் சீக்கிரம் வரும். தாங்கல் கொடுக்கப் போய் அழுத்தத்தைக் கூட்டிக்கொண்ட கதையாகிவிடும்.

மற்ற நாட்டுவழி முறைகளும் இதே கேள்வியைச் சந்திக்க வேண்டும். வெளிச்சுவரில் துளையிட்டு, திருகுப் பின்களை உள்ளே ஓட்டிச் சிலிண்டரைத் தாங்கச் செய்வது உண்டு. தாங்கல் கிடைப்பது சில புள்ளிகளில் மட்டும். ஒவ்வொரு பின்னும் எவ்வளவு இறுகியது என்பதைப் பொறுத்து அந்தப் புள்ளிகளில் போர் குழியும். மேலே தகட்டை வைத்து வெல்டிங் செய்தால் மூடிய டெக் கிடைக்கும். ஆனால் வெல்டிங் வெப்பம் அலுமினிய வார்ப்பை முறுக்குகிறது, சுற்றியுள்ள உலோகத்தை மென்மையாக்குகிறது. அதன்பின் டெக்கைச் சீவ வேண்டும், போரிங் செய்ய வேண்டும், மெயின் பேரிங் வரிசை நேராக இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இந்த மூன்றையும் செய்யாத வெல்டிங் பிளாக்கின் ஆயுளைச் சூதாட்டத்தில் வைப்பது. வாட்டர் ஜாக்கெட்டில் சிமென்ட் போன்ற கலவையை ஊற்றி இறுகவிடும் முறை, கால் மைல் டிராக் பந்தயத்தில் நியாயமானது. அங்கே ஓட்டம் சில நொடிகளில் முடிந்துவிடும். இருங்காட்டுக்கோட்டைத் தடத்தில் 3.7 கி.மீ. சுற்றை அடுத்தடுத்து ஓட்ட வேண்டிய காருக்கும், சித்திரை வெயிலில் கிண்டி நெரிசலில் நிற்க வேண்டிய காருக்கும் அதே மருந்தைக் கொடுத்தால் என்ஜின் வெப்பத்திலேயே முடிந்துபோகும்.

அப்படியானால் பழைய சிலிண்டரை வெட்டியெடுத்துப் புது இரும்புக் குழலைப் பொருத்தும் ஸ்லீவ்தான் முடிவா? பவர் இலக்கு உண்மையிலேயே உயரமானால், ஆம், இருப்பவற்றில் சிறந்த வழி அதுதான். டார்ட்டன் நிறுவனத்தின் எம்ஐடி வகை ஸ்லீவ்கள் டக்டைல் அயர்னில் ஆனவை. அவற்றின் தடித்த கழுத்துகள் ஒன்றையொன்றும் வெளிச்சுவரையும் அணைத்து உட்கார்ந்து, தாங்களே ஒரு புது டெக்காக அமைகின்றன. கூலன்ட் வழிகளும் அந்தக் கழுத்திலேயே உண்டு. தாங்கல் சில புள்ளிகளில் நில்லாமல் வாயைச் சுற்றிலும் கிடைப்பதுதான் இதன் சிறப்பு. ஆனால் பெயரை நம்பி மட்டும் இதையும் ஏற்றுக்கொள்ள முடியாது. பழைய சிலிண்டர்களை வெட்டியெடுக்கும்போது பிளாக்கின் சொந்த உறுதியில் ஒரு பங்கு போய்விடுகிறது. அலுமினியம் வெப்பத்தில் விரிவது வார்ப்பிரும்பைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. 90 மி.மீ. விட்டமுள்ள துளை 20 டிகிரியிலிருந்து 100 டிகிரி செல்சியஸுக்குச் சூடேறினால் அலுமினியம் 0.16 மி.மீ.க்கு மேல் விரியும். உள்ளே இருக்கும் இரும்புக் குழல் 0.08 மி.மீ. அளவே விரியும். குளிர்ந்த நிலையில் சரியாகத் தோன்றிய பிடி, சூட்டில் 0.08 மி.மீ. தளர்ந்துவிடும் என்பதுதான் இதன் பொருள். இதைக் கணக்கிட்டுத் துளையைக் கடையாத பட்டறையில் ஸ்லீவ் கீழே அமிழ்ந்துபோகும். அமிழ்ந்த அந்த நூலிழைப் படியில் எவ்வளவு நல்ல ஸ்டீல் கேஸ்கெட்டும் நிற்காது. ஆகவே இங்கேயும் காப்பாற்றுவது அளவுத் துல்லியம்தான்.

இதற்கு நீங்கள் சொல்லக்கூடிய பதில்களை நான் அறிவேன். ‘கார்டு போட்டு எத்தனையோ வண்டி ஓடுகிறது, ஒன்றும் ஆகவில்லை’ என்பது முதலாவது. ஓடுகின்றன, உண்மைதான். ஆனால் அதே பூஸ்ட், அதே டியூனிங்கோடு கார்டு இல்லாமலும் வண்டிகள் ஓடுகின்றன. மிதமான பூஸ்டில் நாக்கிங் வராமல் டியூன் செய்த பிளாக் தானே தாங்கும்; தாங்கியதற்கான பெருமை தகட்டுக்குப் போய்விடுகிறது. கார்டு உண்மையில் உதவியதா என்று சொல்ல வேண்டுமானால் போட்டதற்கு முன்னும் பின்னும் போர் அளவு வேண்டும், லீக்டவுன் சோதனையின் எண்கள் வேண்டும், சில மாத ஓட்டத்துக்குப் பின் கேஸ்கெட்டின் நிலை வேண்டும். இவை இல்லாத வரை ‘ஒன்றும் ஆகவில்லை’ என்பது ஒரு செய்தி மட்டுமே, சான்று அல்ல. கார்டு தளராமலும் தள்ளாமலும் பொருந்தி, அதன்பின் ஹெட்டின் இடத்தில் டார்க் பிளேட் என்ற தடித்த தகட்டை இறுக்கிப் போரை ஹோன் செய்திருந்தால், அது சிறிதளவு தாங்கல் தரக்கூடும் என்பதை நான் மறுக்கவில்லை. அப்படிச் செய்கிறவர்களோடு எனக்கு வழக்கே இல்லை.

‘கம்பெனிகளே டெக்கை மூடுகின்றனவே’ என்பது அடுத்தது. இது வலுவான வாதம். பி.எம்.டபிள்யூ. 2014இல் எம்3, எம்4 கார்களுக்கு எஸ்55 என்ஜினைக் கொண்டுவந்தபோது என்55இன் திறந்த டெக்கை விட்டு மூடிய டெக்குக்கு வந்தது. 2015இல் வந்த பி58உம் மூடியதுதான். சுபாருவின் ஈஜே வரிசையிலும் மூடியது, திறந்தது, பாதி மூடியது என்று மூன்று வகையும் உண்டு. அமெரிக்காவில் 1991 முதல் 1994 வரை லெகசி டர்போவில் வந்த ஈஜே22 டர்போவின் மூடிய பிளாக்கை இன்றும் தேடிப் பிடிக்கிறார்கள். ஆனால் அந்தக் கம்பெனிகள் டெக்கை வார்ப்பிலேயே மூடின. கூலன்ட் எங்கே ஏறும், போல்ட் இழுப்பு எங்கே போகும், போர் எங்கே நெளியும் என்று வரைபடத்திலேயே தீர்த்துவிட்டு, போரிங்கும் ஹோனிங்கும் அதன் பிறகே செய்தன. வேலை முடிந்த பிளாக்கில் பிறகு சொருகும் தகட்டுக்கு அந்த உதாரணம் பொருந்தாது. அவர்களிடமிருந்து கற்க வேண்டியது அந்த வரிசை: முதலில் தாங்கல், பிறகு துளை, கடைசியில் அளவு.

மூன்றாவது பணம். இறக்குமதி ஸ்லீவ், அதைப் பொருத்தத் துல்லியமான மெஷின் வேலை, இரண்டும் சேர்ந்தால் பழைய காரின் விலையையே எட்டிவிடும் என்கிறீர்கள். நியாயமான கவலை. ஆனால் பணம் இல்லாததற்கு மருந்து மலிவான தகடு அல்ல, தாழ்வான இலக்கு. சிலிண்டர் சுவரைப் பிளக்கும் அழுத்தங்களில் மிகக் கொடியது நாக்கிங்.  நம் பெட்ரோல் பங்குகளில் உயர் ஆக்டேன் பெட்ரோலைத் தேடித்தான் போட வேண்டும். சாதாரண பெட்ரோலில் ஓடப்போகும் காருக்கு உயர் ஆக்டேனுக்கு உரிய பூஸ்டையும் இக்னிஷன் டைமிங்கையும் வைத்துவிட்டு டெக்கை மூடுவது, நோயை விட்டுக் கட்டுப்போடுவது. கார்டுக்கும் அதைப் பொருத்தவும் ஆகும் தொகையை நல்ல இன்டர்கூலருக்கும், தரமான ஹெட் ஸ்டட்டுக்கும், நாக்கிங்கைக் கேட்டுக் கண்டறியும் கருவிக்கும், டைனோவில் இன்னும் ஒரு மணி நேரத்துக்கும் கொடுத்தால், அந்தப் பணம் பிளாக்குக்கு அதிகக் காவலாக இருக்கும். நல்ல டியூனிங் உச்ச அழுத்தத்தையே குறைக்கிறது. தகடு வந்த அழுத்தத்தைத் தாங்க முயல்கிறது, அவ்வளவுதான்.

ஆகவே என் வேண்டுகோள்கள் எளியவை, நம் ஊர்ப் பட்டறைகளின் கைக்கு எட்டுபவை. டார்க் பிளேட் இல்லாமல் எந்த ஓப்பன் டெக் பிளாக்கையும் ஹோன் செய்யாதீர்கள். அது ஹெட்டின் இடத்தில் உட்காரும் தடித்த தகடு; போரின் துளைகளும் போல்ட் துளைகளும் சரியான இடத்தில் இருக்க வேண்டும், அவ்வளவே. பம்புக்கும் மோட்டாருக்கும் பாகம் கடைந்து நாடெங்கும் அனுப்பும் கோவைக்கு இது ஒரு நாள் வேலை. ஒரு என்ஜின் வகைக்கு ஒன்று செய்தால் பல ஆண்டுகள் உழைக்கும். ஹோன் செய்யும்போது அதே வகை கேஸ்கெட்டை வைத்து, அதே ஸ்டட்டுகளை, அதே டார்க்கில் இறுக்குங்கள். எந்த வலுவூட்டலானாலும் அது கடைசி ஹோனிங்குக்கு முன்பே முடிந்திருக்கட்டும். ஒவ்வொரு போரையும் மேல், நடு, கீழ் என மூன்று உயரங்களில், நீளவாட்டிலும் குறுக்குவாட்டிலும் அளந்து, முன்னும் பின்னும் வந்த எண்களைத் தாளில் எழுதி, அந்தத் தாளைப் பில்லோடு சேர்த்துக் கொடுங்கள்.

கார் வைத்திருப்பவர்களே, உங்களுக்கும் ஒரு பங்கு உண்டு. ‘டெக்கை மூடிவிட்டீர்களா?’ என்று கேட்பதை விட்டுவிட்டு, ‘போர் எவ்வளவு வட்டமாக இருக்கிறது, எழுதிக் கொடுங்கள்’ என்று கேளுங்கள். நீங்கள் கேட்காத அளவை எந்தப் பட்டறையும் எடுக்காது. எடுத்த அளவுக்குக் கூலி கொடுக்க மறுத்தால் எந்தப் பட்டறையும் தொடர்ந்து எடுக்காது. நல்ல போரிங்காரரின் ஒரு மணி நேர அளவீட்டுக்குக் கொடுக்கும் பணம் வீண் செலவல்ல. நம்மிடம் கைத்திறன் இருக்கிறது, இயந்திரங்கள் இருக்கின்றன, வார்ப்பிலும் கடைசலிலும் தலைமுறைகளின் அனுபவம் இருக்கிறது. எழுதப்பட்ட எண்கள்தான் குறைவு. ஐம்பது பிளாக்குகளின் அளவுத் தாள்கள் ஒரே ஊரில் சேர்ந்துவிட்டால், எந்த என்ஜினுக்கு எந்த பூஸ்ட் வரை எந்த வலுவூட்டலும் வேண்டாம், எங்கிருந்து ஸ்லீவ் கட்டாயம் என்று யாருடைய வாய்ச்சொல்லையும் நம்பாமல் நாமே சொல்லிவிட முடியும். அடுத்து உங்கள் மேசைக்கு வரும் பிளாக்கிலிருந்தே தொடங்குங்கள்.

தோழமையுடன்,
பந்தய என்ஜின்கள் மீது அக்கறை கொண்ட ஒருவன்